மஞ்சள் காவிப் பக்கம்

என் கல்யாணத்தன்று கேக்கை வெட்டுவதற்கு முன்னால் நான் அதைத் தூக்கி அடியில் பார்த்தேன் என்று என் கணவர் சாகும்வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய். நான் தட்டைத்தான் தூக்கினேன். தட்டு சுத்த வெள்ளி என்றார்கள், வெறும் முலாம் என்று எனக்குப் பட்டது, தூக்கிப் பார்த்தேன், முலாம்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டெட்பரியில் கடை வைத்து முப்பத்தாறு வருஷம் நான் பிழைத்தது இந்தப் புத்தியால்தான். நான் விற்பது ரொகோகோ சாமான்கள். ஆயிரத்து எழுநூற்று ஐம்பது, அறுபதுகளில் லண்டன் செதுக்குக்காரர்கள் மரத்தில் சிப்பியும் சுருளும் சொட்டும் நீருமாகச் செதுக்கி, மேலே தங்க ரேக்கு என்கிற மெல்லிய தகடு ஒட்டிக் கொடுத்த கண்ணாடிச் சட்டங்கள், சுவர் மேஜைகள், விளக்குத் தண்டுகள். நேராக ஒரு கோடு கிடையாது. பார்க்கிறவர்களுக்கு மயக்கம் வரும், எனக்குச் சந்தேகம் வரும். அசல் ஒன்று இருந்தால் அதைப் பார்த்துச் செய்தவை நான்கு இருக்கும். எங்கள் தாத்தா காலத்தில் செய்தது, அப்பா காலத்தில் செய்தது, போன மாதம் செய்தது என்று.

அதனால்தான் எங்கள் வட்டாரத்து வசந்தக் கண்காட்சியின் பரிசோதனைக் குழுவில் என்னைப் பதினொரு வருஷமாக விடாமல் வைத்திருந்தார்கள். திறப்பதற்கு முதல் நாள் காலையில், கடை போட்டவர்கள் எல்லோரையும் மண்டபத்தைவிட்டு வெளியே அனுப்பிவிடுவோம். அவர்கள் எதிரிலுள்ள கூடாரத்தில் டீயை வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஒவ்வொரு கடையாகப் போவோம். நாற்காலியைக் கவிழ்ப்போம், இழுப்பறையை உருவுவோம், முகர்ந்துகூடப் பார்ப்போம். குழுவில் ஒருவர் 'வேண்டாம்' என்றால் போதும், அந்தச் சாமான் கோட்டு மாட்டும் அறைக்குப் போய்விடும், கதவு பூட்டப்படும். யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று உடைமைக்காரரிடம் வாய் திறக்கக் கூடாது. முன்பு ஒரு தடவை சொல்லிக் கைகலப்பில் முடிந்ததால் வந்த விதி அது. அந்த விதியை மாற்ற வேண்டும் என்று யாராவது கூட்டத்தில் எழுந்தால், முதல் ஆளாக எதிர்த்துப் பேசுகிறவள் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நடந்த கண்காட்சியில் சிரில் பாப்ஜாய் முதல் தடவையாகக் கடை போட்டிருந்தான்.

சிரில் வியாபாரி இல்லை. நெயில்ஸ்வொர்த் சரிவில், மூடிப்போன கம்பளி ஆலை ஒன்றின் மாடியில் பட்டறை வைத்திருந்த பழுதுக்காரன். நான்கு மாவட்டத்தில் எந்தக் கடையில் ரேக்குச் சட்டம் உடைந்தாலும் அவனிடம்தான் போகும். பறவையின் மூக்கு போயிருந்தால் புது மூக்கு செதுக்கி வைப்பான். எது பழைய மூக்கு, எது புது மூக்கு என்று நானே தடுமாறி, வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். என் கணவர் இறந்த வாரம் தினமும் வந்து கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தவன். எப்போது வந்தாலும் பின்வாசல் வழியாகத்தான் வருவான். முன்வாசல் வழியாக வா என்று நானும் சொன்னதில்லை.

அறுபத்திரண்டு வயதில் திடீரென்று, இனி அடுத்தவர் சாமானைத் தொட்டது போதும், நானும் நாலு நல்ல சாமான் வாங்கி என் பெயரில் விற்கப்போகிறேன் என்று கிளம்பிவிட்டான். மண்டபத்தின் கோடியில், அவசர வழிக் கதவுக்குப் பக்கத்தில் சின்ன இடம். மூன்று நாற்காலி, ஒரு தேநீர் மேஜை. அவற்றுக்கு நடுவே கரும்பச்சைத் துணி விரித்த பலகையில் ஒரு ஜோடி சுவர்க் கண்ணாடி.

குழுத் தலைவர் விவியன் லாஸ்கம் லண்டன்காரர், பட்டுக் கழுத்துத் துணி கட்டாமல் படுக்கைக்குக்கூடப் போகமாட்டார் என்று பேச்சு. அவர்தான் முதலில் நின்றார்.

"இது யார் கடை?"

"பாப்ஜாய்."

"எந்தப் பாப்ஜாய்? நம்ம பசைச்சட்டி பாப்ஜாயா?"

"அவனேதான்."

"அட. பசைச்சட்டிய இறக்கி வச்சிட்டு வியாபாரத்துக்கு வந்துட்டாரா. உன் பிழைப்புல மண்ணு விழுந்துச்சு போ, ஹெஸ்டர்."

நான் அந்தக் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் என் மார்பு உயரம். அடியில் பாறையும் சின்ன இடிந்த வளைவும், அதிலிருந்து நீர் வழிந்து கூராக உறைந்து தொங்குகிறது. இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏந்தும் கைகள், காய்ந்த கொடி முறுக்கிக்கொண்டு வளர்ந்த தோரணையில். உச்சியில் எந்த நாட்டிலும் பறக்காத நீள்மூக்குப் பறவை. ஒன்றில் பறவை இடப்பக்கம் திரும்பியிருந்தது, மற்றதில் வலப்பக்கம். மங்கலான பழைய தங்கம். அதன் மேல் யாரோ அடித்திருந்த மட்டமான பித்தளை பெயின்ட்டை சிரில் அறுவைக் கத்தியால் இரண்டு குளிர்காலமாக, அரிசி அரிசியாகச் சுரண்டி எடுத்திருக்கிறான் என்று சீட்டில் எழுதியிருந்தது. 'ஹார்ல்ஸ்டன் மாளிகையிலிருந்து. சுமார் 1760.'

அழகுதான். அதுதான் எனக்கு உறுத்தியது. ஹார்ல்ஸ்டனில் இப்படி ஒரு ஜோடி இருக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் அத்தனை பேரும் முப்பது வருஷமாக இந்த வட்டாரத்து மாளிகைகளின் கதவைத் தட்டித் திரிகிறோம், எங்கள் கண்ணில் படாதது பழுது பார்க்கப் போனவன் கண்ணில் பட்டதாம். இப்படி ஒன்றைப் புதிதாகச் செய்யக்கூடிய கை இங்கிலாந்தில் யாருக்கு இருக்கிறது என்று என்னைக் கேட்டால், நான் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்வேன். அந்தப் பெயர்தான் கடைப் பலகையில் இருந்தது.

"இறக்குங்க. ஓரத்தைப் பாக்கணும்" என்றேன்.

ஓரத்தில் நான் தேடியது காவியை. தங்க ரேக்கு அந்தக் காலத்திலும் சும்மா வராது. கண்ணுக்குப் படுகிற இடத்தில் ரேக்கு ஒட்டுவார்கள், கண் போகாத சந்திலும் சட்டத்தின் பக்கவாட்டு விலாவிலும் மஞ்சள் காவியைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஜோடிக் கண்ணாடியை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாட்டுவது வழக்கம். நடு அறையில் நிற்கிறவருக்கு இடது கண்ணாடியின் இடது விலாவும், வலது கண்ணாடியின் வலது விலாவும் தெரியாது. அங்கேதான் காவி இருக்க வேண்டும். ஒன்றில் இடது, மற்றதில் வலது.

முதல் கண்ணாடியின் இடது விலாவில் டார்ச்சை அடித்தேன். காவி, நன்றாகக் காய்ந்து வெடித்த பழைய காவி. சரி என்று இரண்டாவதன் வலது விலாவுக்குப் போனேன். தங்கம், மேலிருந்து கீழ்வரை. இடது விலாவைப் பார்த்தேன். அங்கே காவி இருந்தது.

டார்ச்சை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம், உண்மையை மறைப்பானேன், சந்தோஷமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக என்னை ஏமாற்றக்கூடிய ஒரே கையை நான் பிடித்துவிட்டேன்.

"விவியன், இங்க வாங்க. முதல் கண்ணாடி அசல். ரெண்டாவதை இதைப் பாத்து அவனே செஞ்சிருக்கான். பறவையைத் திருப்பினான், பாறையைத் திருப்பினான், காவியைத் திருப்ப மறந்துட்டான்."

லாஸ்கம் முட்டி போட்டு நெடுநேரம் பார்த்தார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயம்."

"எனக்கு என்னமோ மரம் நல்லாத்தான் தெரியுது. அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன? விதியக் கொஞ்சம் வளைச்சுக்கலாம். வேண்டிய மனுஷன்தானே உனக்கு."

"அதனாலதான் வளைக்கக் கூடாது. செஞ்சவன்கிட்டயே போய் நீ செஞ்சியான்னு கேட்டா, ஆமாம்மா நான்தான்னு கையக் கட்டிட்டு நிப்பானா? கதை சொல்வான். நல்லாவே சொல்வான்."

"உன்கூட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன் நேரா சொர்க்கத்துக்குத்தான் போயிருக்கணும்" என்றார் லாஸ்கம். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். இரண்டு சுமைக்காரர்கள் கண்ணாடிகளைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார்கள். பச்சைத் துணியில் அவை நின்ற இடம் அமுங்கியிருந்தது.

மதியம் கூடாரத்தில் நான் டீ வாங்கிக்கொண்டிருந்தபோது சிரில் வந்தான். கடையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. புது கோட்டு, தோளில் மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் ஒரு பன்றிக்கொழுப்பு கேக்கைக் காகிதத்தோடு பிடித்திருந்தான், அது இருப்பதே அவனுக்கு ஞாபகமில்லை.

"ஹெஸ்டர், நீ உள்ள இருந்தியே. நீ இருந்தும் எப்படி?"

"விதி தெரியும்ல சிரில்."

"பேர் வேணாம். யாருன்னு நான் கேக்கல. என்ன காரணம்னு மட்டும் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. மரமா, ரேக்கா, கண்ணாடியா? எதுன்னு தெரிஞ்சா நான் பதில் சொல்லிடுவேன்."

"அதுவும் கூடாது."

"ஜனங்க என்ன சொல்வாங்கன்னு யோசிச்சுப் பாரு. பாப்ஜாய் தானே செஞ்சு பழசுன்னு விக்க வந்தான்னு சொல்வாங்க. அப்புறம் எவன் என்னை நம்பி ஒரு சட்டம் குடுப்பான்? என்கிட்ட வேற என்ன இருக்கு, இந்தப் பேரைத் தவிர?"

நான் டீயைக் கலக்கினேன். சர்க்கரை போட்டிருக்கவில்லை, ஆனாலும் கலக்கினேன்.

"லாஸ்கம்தானே?" என்றான் குரலைத் தாழ்த்தி. "காலைல என்னப் பாத்த பார்வையிலயே தெரிஞ்சுது. பழுதுக்காரன் கடை போட்டா இவங்களுக்கு ஆகாது. போகட்டும். நீ எனக்காகப் பேசியிருப்பேன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, அந்த கேக்கைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கித் தின்றேன்.

அதற்கடுத்த மாதம் அவன் சொன்னபடியே நடந்தது. எங்கள் தொழிலில் யாரும் யாரையும் நேரில் குற்றம் சொல்வதில்லை. சாமானைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். சைரன்செஸ்டர்காரர் தன் மேஜைக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார், அவசரமில்லையாம். பர்ஃபர்டில் இரண்டு பேர், வேறு ஆள் கிடைத்துவிட்டாராம். நானும் போனேன். என்னுடைய இரண்டு சட்டங்கள் அவனிடம் இருந்தன. கடைக்கு வெள்ளையடிக்கிறேன், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் நல்லது என்று அர்த்தமில்லாமல் எதையோ சொன்னேன். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டங்களைத் தானே தூக்கிவந்து என் காரில் வைத்து, அடியில் சாக்குத் துணி மடித்துக் கொடுத்தான்.

பட்டறை காலியாக இருந்தது. வழக்கமாகக் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஜோடி மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது, ஒன்றின் மேல் துணி போர்த்தியிருந்தது.

"என்ன பண்ணப்போறே?" என்று கேட்டேன்.

"வழி இருக்கு. பேசுறவங்க வாய அடைக்கிற மாதிரி காட்டுறேன். காரணம் தெரிஞ்சா சுலபம். தெரியாததால எல்லாத்துக்கும் சேத்துப் பதில் சொல்லணும்."

கார் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? அவனைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ, இவன் எதையோ மறைக்கப்போகிறான் என்றுதான் தோன்றியது. எதற்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறான்? காவியை மாற்றிப் பூசப்போகிறானோ? அதற்குள் ஆதாரத்தைக் கையோடு பிடித்துவிட வேண்டும் என்று ஹார்ல்ஸ்டனுக்கு அன்றைக்கே கடிதம் எழுதினேன். ஜோடி இருந்திருந்தால் சுவரில் இரண்டு தழும்பு இருக்கும். ஒன்றுதான் இருந்ததென்றால் ஒன்றுதான் இருக்கும். சுவரை யாரும் சுரண்டிச் செதுக்க முடியாது.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் போனேன்.

மாளிகைக்குச் சொந்தக்காரி மிஸ் ஏவரில் டேகம் தானே வந்து கதவைத் திறந்தாள். எழுபது வயதிருக்கும், காலில் சேற்று பூட்ஸ், பின்னால் மூன்று நாய். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாப்ஜாய் எங்க வீட்டுல திருடிட்டாரான்னு பாக்க வந்தீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"மூஞ்சியில எழுதி ஒட்டிருக்கு. வாங்க. கால நல்லாத் துடைக்க வேணாம், நாய்ங்க துடைக்கிறதில்ல."

நடந்துகொண்டே பேசினாள். கண்ணாடிகளைச் சிரிலுக்கு விற்றது அவள்தான். அவள் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்தானாம். "அம்மா, நீங்க கேக்குறது ரொம்பக் கம்மி, இது என்னன்னு உங்களுக்குத் தெரியலன்னார். எங்கப்பா ரூமைச் சூடாக்குற ரேடியேட்டருக்கு வாங்கின பெயின்ட் மிச்சமிருக்குன்னு அதுக்கும் அடிச்சுத் தொலைச்சிருந்தார். பாக்கவே சகிக்காது. எல்லாரும் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிட்டுப் போனாங்க. உங்க ஆளுங்கதான்."

"எங்க ஆளுங்களா?"

"ரெண்டு மூணு வியாபாரிங்க. ஒரு அம்மாகூட வந்தாங்க, வருஷம் இருக்கும் பதினஞ்சு. வாசல்லயே என் குடைத் தாங்கியக் கவுத்து அடியப் பாத்தாங்க. நான் அப்படியே அனுப்பிட்டேன்."

அது நான்தான். எனக்கு அந்த வீடே ஞாபகமில்லை, குடைத் தாங்கி மட்டும் ஞாபகம் வந்தது.

சாப்பாட்டு அறையைத் திறந்துவிட்டாள். நீள அறை. சுவரெல்லாம் பட்டு ஒட்டியிருந்தது, ஒரு காலத்தில் சிவப்பு, இப்போது காய்ந்த ரோஜாவின் நிறம். நீளச் சுவரின் இடது கோடியில் ஒரு ஜன்னல். அதன் இரண்டு பக்கமும், வெயில் படாமல் தப்பிய பட்டு, ரத்தச் சிவப்பாக இரண்டு உருவம். பாறை, கொடி, உச்சியில் பறவைத் தலை. ஒன்று இடப்பக்கம் திரும்பியிருந்தது, மற்றது வலப்பக்கம். கத்தரித்து வைத்தது மாதிரி.

ஜோடிதான். வந்த நாளிலிருந்து அங்கேயே தொங்கிய ஜோடி. ஆனால் நான் அவ்வளவு சீக்கிரம் தோற்றுப்போகிறவளா? சரி, ஜோடி இருந்தது, இரண்டாவது எப்போதோ உடைந்திருக்கும், இவன் புதிதாகச் செய்திருப்பான் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே சுவரைத் தடவினேன். அப்போதுதான் இடது கோடியில் அந்த இரண்டு தூண்களைக் கவனித்தேன். தூண்களுக்கு அப்பால் அறை இன்னும் கொஞ்ச தூரம் இருட்டாகப் போனது.

"அந்தப் பக்கம் என்னங்க?"

"பரிமாறுற மேஜை இருந்த இடம். வேலைக்காரங்க நிக்கிற இடம். நான் சின்னவளா இருக்கறப்பகூட ரெண்டு பேர் நிப்பாங்க. நாங்க இந்தப் பக்கம் மேஜையில. அவங்க தூணத் தாண்டி வந்தா தட்டோட வரணும், வச்சிட்டுத் திரும்பிப் போயிடணும்."

"நான் அங்க போய் நிக்கலாமா?"

"நில்லுங்க. யாரு வேணாங்கறா?"

தூணைத் தாண்டிப் போய் நின்றேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் அந்தச் சுவர்தான். கண்ணாடிகள் அங்கே தொங்கியபோது ஒன்றின் இடது விலா, அதற்கடுத்து இன்னொன்றின் இடது விலா தெரிந்திருக்கும். இங்கே நிற்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற பக்கம். சீமான்களும் சீமாட்டிகளும் அத்தனை பேரும் வலப்பக்கம் உட்கார்ந்து, வலது விலாவைப் பார்த்தபடிதான் தின்றிருக்கிறார்கள். ரேக்கு ஒட்டியவன் இந்த அறைக்கு வந்து பார்த்திருக்கிறான், வேலைக்காரர்கள் பார்க்கிற பக்கத்துக்குத் தங்கம் எதற்கு என்று இரண்டிலும் இடது விலாவுக்குக் காவியை அடித்துவிட்டுப் போயிருக்கிறான். நகல் எடுக்கிறவன் எவனுக்கும் இது தோன்றாது. இதைவிடப் பெரிய அத்தாட்சியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. அதை வைத்துத்தான் நான் அவனைத் திருடன் என்றேன்.

"தண்ணி வேணுமா? முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள் மிஸ் டேகம்.

வேண்டாம் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சிரில் நல்லவன். நான் தப்புப் பண்ணினேன். போய்ச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினால் வாங்கிப்போன சட்டமெல்லாம் ஒரே வாரத்தில் அவன் பட்டறைக்குத் திரும்பிவிடும். அந்த நினைப்போடு இருபது மைல் வந்தேன்.

பட்டறைப் படியில் ஏறும்போதே மேலே அவன் சீட்டியடிப்பது கேட்டது.

"சரியான நேரத்துக்கு வந்தே, ஹெஸ்டர்" என்றான். முகம் மெலிந்திருந்தது, கண்ணில் வெளிச்சம் இருந்தது. "வா, வா, இங்க வந்து பாரு. முதல்ல நீதான் பாக்கணும்."

பணிமேஜையில் ஒரு கண்ணாடிச் சட்டம் படுத்திருந்தது. பறவை வலப்பக்கம் திரும்பிய சட்டம். அதில் தங்கம் இல்லை. தங்கத்துக்கு அடியிலுள்ள செங்களிமண் பூச்சு இல்லை, அதற்கும் அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணம் இல்லை. விலாவில் காவியும் இல்லை. தலையிலிருந்து அடிவரை வெறும் மரம், தேன் நிறத்தில், நிர்வாணமாகக் கிடந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்றேன்.

"எடுத்தாத்தானே தெரியும். முதுக மட்டும் காட்டினா, பழைய முதுகுல புதுசா செதுக்கி ஒட்டிட்டான்னு சொல்வாங்க. இதப் பாரு." அவன் விரல் ஒரு சுருளின் உட்பக்கம் ஓடியது. "செதுக்கினவன் உளியில ஒரு சின்னப் பல்லு போயிருக்கு. வெட்டின இடமெல்லாம் முடி மாதிரி ஒரு கோடு. தெரியுதா? இப்ப அந்த இன்னொண்ணோட முதுகப் பாரு, அங்க ரேக்கு ஒட்டலையே, மரம் அப்படியே இருக்கே. அதே கோடு. ஒரே உளி, ஒரே ஆளு. இந்த மரத்த இன்னைக்குச் செதுக்கினா உள்ள இந்த நிறம் வருமா? லாஸ்கம் மூஞ்சிக்கு முன்னாடி இதக் கொண்டுபோய் வைக்கப்போறேன். எந்தக் காரணமா இருந்தாலும் இதுக்கு மேல பேச்சில்ல."

"ரேக்கு?"

"அதோ இருக்கு." ஜன்னலோரம் ஒரு ஜாம் பாட்டில். அதில் பாதிக்கும் கீழே வெள்ளையும் சிவப்புமாகப் பொடி, நடுநடுவே மினுங்கியது. "இருநூத்திப் பதினெட்டு வருஷம். அரை பாட்டில்கூட வரல பாரு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ரெண்டு குளிர்காலம் அதுமேல ஒரு கீறல் விழாம பெயின்ட்ட எடுத்தேன். இத எடுக்க ஏழே நாள்தான் ஆச்சு."

நான் உட்கார்ந்தேன்.

"லாஸ்கம் இல்ல சிரில். அவர் உன்கிட்ட கேக்கலாம்னார். வேண்டாம்னது நான்."

அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தவில்லை.

"என்ன காரணம்?"

"ரெண்டுலயும் இடது விலாவுல காவி இருந்துச்சு. ஒண்ணுல வலது பக்கம் இருக்கணும்னு நெனச்சேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. இவ்வளவு சின்னக் கேள்வியா என்று யோசிக்கிற முகம்.

"அது வேலைக்காரங்க பக்கம்" என்றான்.

"தெரியும். இன்னைக்குக் காலைல ஹார்ல்ஸ்டன் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"இன்னைக்குக் காலைல."

"ஆமா."

"நேத்து சாயங்காலம்தான் முடிச்சேன்." கத்தியை மேஜைமேல் வைத்தான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கூடாரத்துல வச்சே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"நான் எல்லாருக்கும் எழுதறேன். குழுவுக்கு, கடைக்காரங்களுக்கு, ஒருத்தர் விடாம. நான்தான் சொன்னேன், தப்பா சொன்னேன்னு என் பேரப் போட்டு எழுதறேன். விதி கிடக்கட்டும்."

அவன் மேலே தொங்கிய விளக்கைக் கீழே இழுத்து மரத்துக்கு நேராக வைத்தான்.

"எழுதறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்துக்குங்க, மிஸஸ் குவெனல். அப்புறம் யாராவது கேட்டா நீங்க சரியாப் பாக்கலைன்னு ஆயிடக் கூடாது."

இருபத்தெட்டு வருஷத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேண்டாம் சிரில், நீ சொன்னால் போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை பையிலிருந்து டார்ச்சை எடுத்துவிட்டிருந்தது. குனிந்து, ஒவ்வொரு சுருளாக, ஒவ்வொரு கொடியாக, பறவையின் கழுத்துவரைக்கும் பார்த்தேன். அந்த முடிக்கோடு எல்லாவற்றிலும் இருந்தது.

"சரியா இருக்குங்களா?"

"சரியா இருக்கு."

சுவரில் சாய்ந்திருந்த மற்ற கண்ணாடியை அவன் திரும்பிப் பார்த்தான். அதில் தங்கம் அப்படியே இருந்தது, ஜன்னல் வெயில் பட்டு.

"அதையும் சுரண்டிக் காட்டணுங்களா?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. கையில் கத்தியை எடுத்துக்கொண்டு, நான் சொல்லப்போகும் பதிலுக்காக நின்றான்.